அழுகைக்கான காரணம் என்றொரு நிரல்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவிக்கு மனநோய் என்று முடிவுசெய்து, அதை நிரூபிக்க நாற்பத்தாறு பக்கங்களில் ஒரு கொப்பி (குறிப்பேடு) எழுதி, அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவர் கொப்பியை வாசித்துவிட்டு, பரிசோதனைக்கு அனுப்பும் கடிதத்தின் தலைப்பில் நோயாளி என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்.

வீட்டில் இன்னொருவர் பயந்து நொந்துபோகிறார் என்று கவலைப்பட்டுக்கொண்டு, தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக ஆண்களுக்காக. அவர்கள் இதைப் பாதியில் மடித்து மனைவியிடம் வாசிக்கக் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. நானும் வசந்தியும் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். வசந்தி வீட்டிலேயே கணித வகுப்பு நடத்தினாள். நான் ஒரு விளம்பர நிறுவனத்துக்காகச் சவர்க்காரம், பற்பசை, பால்மா ஆகியவற்றின் பெருமைகளைத் தமிழாக்கிக் கொடுப்பவன். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தியும் எழுதுவேன். எனக்கு ஐம்பத்திரண்டு, அவளுக்கு நாற்பத்தொன்பது.

ஒருநாள் விடியற்காலை ஒழுங்கையின் இரு முனைகளையும் அடைத்துவிட்டு வீடு வீடாகச் சோதனை நடந்தது. அப்போதெல்லாம் தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் பொலிசில் பதிந்த குடியிருப்போர் படிவம் இருக்கவேண்டும். பெயர், வயது, உறவுமுறை என்று கட்டங்கள் போகும். கடைசி நிரல், 'கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்'. இருபத்துநான்கு வருடம் ஒரே ஊரில் இருப்பவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன எழுதுவது? நான் 'கடற்காற்று' என்று எழுதியிருந்தேன்.

அதிகாரி அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற பஸ்ஸில் ஏறச் சொன்னார். ஒழுங்கையில் இருந்த மற்ற ஆண்களும் அதில் இருந்தார்கள். ஆகவே என் நகைச்சுவைக்குக் கிடைத்த தண்டனை என்று அதைச் சொல்லமுடியாது. ஆனால் அன்று முழுவதும் நான் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

பின்னேரம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்தபடி வசந்திக்கு ஒரு பகிடி சொன்னேன். இன்ஸ்பெக்டர் என் தொழிலைக் கேட்டாராம், சவர்க்காரத்தை மொழிபெயர்க்கிறேன் என்றேனாம், அப்படியானால் எந்தச் சவர்க்காரம் நல்லது என்று கேட்டாராம். நான் சிரித்தேன். வசந்தி சிரிக்கவில்லை. அதைத்தான் நான் அவளுடைய முதல் நோய்க்குறியாகக் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கின. வீதியில் ஒரு வாகனம் நின்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். மாதவிலக்கு முறைதவறியது. தலைமுடி உதிர்ந்தது. அரிசி கழுவிக்கொண்டே அழுவாள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கைக்கு நாளுக்கு ஐந்து தடவை தொலைபேசி எடுப்பாள். மேல்வீட்டுக்குச் சூப், கீழ்வீட்டுக்கு இடியப்பம் என்று கொடுத்தனுப்பினாள். அவர்களும் வந்து எங்கள் குசினியில் உட்கார்ந்து கதைத்து, சேர்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. படிவத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், குளிக்கும்போதும் குழாயில் கொழுவி வைத்தேன், அவ்வளவுதான். நெஞ்சு இறுகியது, அதை வயிற்றுக் காஸ் என்று சொன்னேன். தண்ணீர்க் கட்டணப் பட்டியல் கொண்டுவந்தவரை ஏசினேன், அவர் ஏசப்பட வேண்டியவர். பத்தி எழுதுவதை நிறுத்தினேன், நாட்டில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதால். ஒருநாள் சவர்க்கார விளம்பரம் ஒன்றில் கை நின்றுவிட்டது. தண்ணீரில் சவர்க்காரத்தைத் தேய்த்தால் வெள்ளையாகப் பொங்குமே, அதற்குத் தமிழில் என்ன? முப்பது வருடமாக எழுதிய சொல். முக்கால் மணித்தியாலம் தேடினேன். கடைசியில் 'வெண்மையான பொங்கல்' என்று எழுதி அனுப்பினேன். நிறுவனத்தில் இருந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

ஆனால் வசந்தியின் நிலை கவலைக்கிடமாக இருந்ததால், ஒரு சி.ஆர். கொப்பி, கணக்கு எழுதும் தடித்த அட்டைக் கொப்பி, வாங்கினேன். எனக்குக் கை பழகிய ஒரே அமைப்பு அந்தப் பொலிஸ் படிவம்தான். அதேபோலக் கோடு போட்டேன். நாள், நேரம், நடந்தது. கடைசி நிரல், 'அழுகைக்கான காரணம்'. பெரும்பாலும் 'தெரியவில்லை' என்று எழுதினேன். ஒரு செவ்வாய்க்கிழமை 10.20க்கு 'வெங்காயம்?' என்று கேள்விக்குறியோடு எழுதினேன். நான் நியாயமானவன்.

மருத்துவரை ஏற்பாடு செய்தது வசந்தியின் தங்கை. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய சிகிச்சை நிலையம். டொக்டர் பரீதா என்று வைத்துக்கொள்வோம். அறுபதை நெருங்கியவர், முக்காட்டுக்கு மேலாக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தார். வாசகர்கள் மீது எனக்குள்ள மரியாதை அன்று கூடியது.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் டொக்டர்."

"காலையில ஆறு பத்து, ஆறு நாப்பத்தஞ்சு, ஏழு இருபது... பின்னேரம் வரைக்கும் இருக்கு. நீங்க வேலைக்குப் போறதில்லையா?"

"இவவைப் பார்க்கவேணும் எண்டு வீட்டில இருந்து செய்யிறன்."

"பத்தொன்பது நாள் டொக்டர்," என்றாள் வசந்தி. "வாசலைத் தாண்டேல்ல. இண்டைக்குத்தான் வெளிக்கிட்டது. எனக்குச் சுகமில்லை எண்டபடியால்தான் அதுவும்."

டொக்டர் பக்கங்களைப் புரட்டினார். "இவங்க அழுதிருக்காங்க. தங்கச்சியோட பேசியிருக்காங்க. மேல்வீட்டுக்கு சூப் குடுத்திருக்காங்க. திரும்பவும் அழுதிருக்காங்க. நாலு மணிக்கு வகுப்பு எடுத்திருக்காங்க, ஒரு நாளும் விடல்ல. சரி. நீங்க என்ன செஞ்சீங்க?"

"எழுதினனான்."

"அன்னைக்கு ஸ்டேஷன்ல என்ன நடந்தது?"

நான் சவர்க்காரப் பகிடியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதுக்குப் பிறகு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. காலையில் பஸ்ஸில் ஏறியது இருந்தது. பகிடி இருந்தது. பின்னேரம் ஐந்தரைக்குத் தெருவில் வெயில் கண்ணில் அடித்தது இருந்தது. நடுவில் யாரோ பக்கத்தைக் கிழித்து எடுத்த மாதிரி வெறுமை. மறந்துவிட்டது என்றுகூட அதைச் சொல்லமுடியாது. மறந்ததற்கு ஒரு தடம் இருக்கும்.

"அந்தப் பகிடியும் மாறுது டொக்டர்," என்றாள் வசந்தி மெதுவாக. "முதல்ல இன்ஸ்பெக்டர் எண்டார். பிறகு சார்ஜன்ட் எண்டார். போன கிழமை ரெண்டு பேர் எண்டார்."

டொக்டர் என் கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பின் மின்பதிவு) உடனே எடுக்கவேண்டும் என்று கடிதம் எழுதி என் பக்கம் நகர்த்தினார். நோயாளி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"டொக்டர், நீங்கள் ஆளை மாத்திப் பார்க்கிறியள். நோயாளி இவ!" என் சத்தம் வெளியே நடைவழியில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அது என் குரல் என்று புரிய எனக்கும் ஒரு கணம் பிடித்தது. கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வசந்தி கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அதை நான் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் ஓட்டோவை நிறுத்தினார்கள். நல்ல மத்தியானம். அடையாள அட்டைகளைப் பார்த்த படைவீரன் என் மடியில் இருந்த கொப்பியை வாங்கித் திறந்தான்.

இதுவரை வாசித்தவர்கள் அந்தக் கொப்பியை இப்போது அவன் கண்ணால் ஒருமுறை பார்க்கவேண்டும். போர்க்காலக் கொழும்பு. தமிழன் ஒருவன். கையெழுத்தில் தமிழ். கோடு போட்ட நிரல்களில் நாளும் நேரமும். 6.10, சத்தம் கேட்டு எழும்பியது. 7.20, தொலைபேசி, பதினான்கு நிமிடம். 9.05, ஜன்னலால் வீதியைப் பார்த்தது. 9.40, வாகனம் நின்றது. நாற்பத்தாறு பக்கம்.

"மே மொனவாத?" என்றான். இவை என்ன என்று.

ஒரு வாக்கியம் போதும். என் மனைவிக்குச் சுகமில்லை, டொக்டருக்காக எழுதியது. அவ்வளவு சிங்களம் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் கழுத்தின் பின்புறத்தில் இருந்து ஒரு சூடு ஏறியது. என் கை முன்னே போனது, நான் அனுப்பவில்லை. கொப்பியைப் பறித்தேன். "இது என்ர மனிசி அழுத கணக்கு! இதுவும் உங்களுக்கு வேணுமா?" என்று தமிழில் கத்தினேன். பிறகு சிங்களத்தில், ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பாளனின் தொழில் அப்படி.

துப்பாக்கியில் ஏதோ ஒன்று இழுபட்ட சத்தம் கேட்டது. ஓட்டோக்காரர் இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்து நேரே பார்த்தபடி இருந்தார். எங்கள் நகரத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு வீட்டுக்குத் திரும்பாமல் போனவர்கள் உண்டு. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கத்தினேன். நிறுத்த முடியவில்லை.

வசந்தி இறங்கினாள். எனக்கும் படைவீரனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மல்லி, மெயாட்ட அசனீபய்," என்றாள். தம்பி, இவருக்குச் சுகமில்லை.

பிறகு கைப்பையில் இருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் மேலதிகாரியிடம் போனது. அவர் வாசித்தார். நோயாளியின் பெயரை என் அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். பெயர் சரியாக இருந்தது. வாழ்க்கையில் எந்த ஆவணத்திலும் என் பெயர் சரியாக இருந்ததற்காக நான் அவ்வளவு கடன்பட்டதில்லை.

தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் கொப்பியை என்னிடமிருந்து வாங்கி, மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று சத்தமாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். "செவ்வாய். பத்து இருபது. அழுதது. காரணம், வெங்காயம்." நிறுத்தினார். "கேள்விக்குறி," என்று சேர்த்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கேட்ட பிறகுதான் வசந்தி மூச்சு விட்டாள். நான் அவள் பக்கத்தில் வெயிலில் நின்றேன். பத்து நிமிடம் என்று நினைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் என்று அவள் பிறகு சொன்னாள்.

மேலதிகாரி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அக்கே, இவரை வெளியில் கூட்டிவரும்போது நீங்களே கதையுங்கள்," என்றார் சிங்களத்தில். கொப்பியை வைத்துக்கொண்டார்கள். நான் எழுதியவற்றில் அத்தனை கவனமாக வாசிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

மீண்டும் ஓட்டோவில் ஏறினோம். அதுவரை எனக்கு ஆளைக் கடத்தும் வெள்ளை வான் வண்டியைப் பற்றிப் பயம், குண்டைப் பற்றிப் பயம், கதவைத் தட்டும் கையைப் பற்றிப் பயம். இப்போது ஆபத்து என் கழுத்துக்குப் பின்னாலேயே குடியிருந்தது. அடுத்தமுறை அது எழும்பும்போது வசந்தி பக்கத்தில் இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு வரமாட்டேன். அது எப்போது எழும்பும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நானாகவே டொக்டரிடம் போனேன். நானாகவே என்றால், வசந்தி கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

டொக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பயம் வரும்போது உடம்பில் கோர்ட்டிசோல் (அழுத்தநேரத்தில் சுரக்கும் இயக்குநீர்) ஏறுகிறது. ஆபத்து போனதும் இறங்கவேண்டும். எங்கள் ஊரில் ஆபத்து போவதில்லை, ஆகவே அதுவும் இறங்குவதில்லை. அது நீண்டநாள் நிற்கும்போது ஹிப்போகாம்பஸ் (மூளையில் நினைவுகளை அடுக்கிவைக்கும் பகுதி) களைத்துப்போகிறது. அமிக்டலா (ஆபத்தை மோப்பம் பிடிக்கும், பாதாம்பருப்பு அளவான பகுதி) தேவையில்லாத நேரத்திலும் குரைக்கிறது.

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் இது ஒரே மாதிரி வர்றதில்ல," என்றார். "பொம்பளைங்களுக்குக் கவலையாவும் பதற்றமாவும் வர்றது அதிகம். அழுவாங்க, ஆளைத் தேடிப் போவாங்க, டொக்டர்கிட்டயும் வருவாங்க. ஆம்பளைங்களுக்குக் கோபமா வரும். குடியா வரும், நெஞ்சு வலியா வரும். பேச மாட்டாங்க. டொக்டர்கிட்ட வரமாட்டாங்க. வந்தா வேற யாரையாவது கூட்டிட்டு வருவாங்க."

"எல்லா ஆம்பிளையளுமோ?"

"இல்ல. சராசரிதான். உங்களைப் பார்த்துட்டுச் சொல்லல்ல. ஆனா நீங்க சராசரிக்கு நல்லா ஒத்துழைக்கிறீங்க."

ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் ஆண் எலிகளையே வைத்துப் பார்த்தார்களாம். பிறகு பெண் எலிகளையும் வைத்தபோது, அதே அழுத்தத்தில் ஆண் எலிகள் வழியை மறந்தன, பெண் எலிகள் அவ்வளவாக மறக்கவில்லை. ஈஸ்ட்ரஜன் (பெண்களில் அதிகம் சுரக்கும் இயக்குநீர்) ஓரளவு காவல் காப்பதாகத் தோன்றுகிறதாம். வசந்தியின் வயதில் அந்தக் காவல் குறையத் தொடங்கும் என்றும், அவளுடைய நோயும் உண்மையான நோய்தான் என்றும், அழுவதால் அது தானாகக் குணமாகிவிடாது என்றும் சொல்லி அவளுக்கும் மருந்து எழுதினார்.

"எலியும் மனிசரும் ஒண்டில்லைத்தானே டொக்டர்?" என்றேன்.

"ஓம், எலி பத்தொன்பது நாள் வீட்டுக்குள்ள இருந்து கொப்பி எழுதாது," என்றாள் வசந்தி.

பிறகு அவளே இன்னொன்றும் சொன்னாள். அன்று அவளும் ஒழுங்கைப் பெண்களும் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே நாள் முழுவதும் நின்றிருக்கிறார்கள். முன்பின் கதைத்திராதவர்கள்கூட ஒருவர் போத்தலில் மற்றவர் தண்ணீர் குடித்து, ஒரே தொலைபேசியை மாறி மாறிப் பயன்படுத்தி, அழுது, ஏசி, சாமிக்கு நேர்ந்து நின்றிருக்கிறார்கள். பஸ்ஸின் இலக்கம் இன்றைக்கும் அவளுக்கு மனப்பாடம். அது தலையை விட்டுப் போகாததுதான் அவளுடைய நோய். உள்ளே முப்பதுக்கு மேற்பட்ட ஆண்கள் என்ன கதைத்தார்கள் என்று டொக்டர் கேட்டார். எனக்கு நினைவில்லை. ஆனால் யாரும் கதைத்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, பதற்றத்துக்கு ஒன்று என்று மாத்திரைகள். இரண்டாவது பலன் தர மூன்று நான்கு கிழமை எடுக்கும் என்றார். முதல் இரண்டு கிழமை வயிற்றைப் பிரட்டியது. இதைச் சொல்வது, நீங்கள் பத்தாம் நாளில் நிறுத்திவிடக்கூடாது என்பதற்காக. ஈ.சி.ஜி.யில் இதயம் தப்பியிருந்தது. கழுத்தில் சூடு ஏறினால் வாயை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, வசந்தியைக் கதைக்கவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒழுங்கை முனைவரை நடக்க வேண்டும். முதல் நாள் இரண்டாம் மாடி வரைதான் போனேன்.

கடைசிப் பணி கடினமானது. யாராவது ஓர் ஆணிடம் ஓர் உண்மையான வாக்கியம் சொல்லவேண்டும்.

கீழ்வீட்டில் தவராசா இருந்தார். அன்றைய பஸ்ஸில் அவரும் இருந்தவர். அதற்குப் பிறகு படிக்கட்டில் காணும்போதெல்லாம் கிரிக்கெட் பற்றிக் கதைத்தோம். ஒருநாள் அவர் மீன்பையோடு ஏறி வரும்போது வழியை மறித்து நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"அண்டைக்கு எனக்குச் சரியான பயமா இருந்தது."

அவர் பையைப் படியில் வைத்தார். "தெரியும்," என்றார். "உங்களுக்குப் பக்கத்திலதானே இருந்தனான். நீங்கள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனீங்கள். காலமை தொடங்கி ஐஞ்சரை மட்டும் விடேல்ல."

நான் என் வலதுகையைப் பார்த்தேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

"என்னத்தைச் சொல்ல? நானும் விடேல்லத்தானே." மீன்பையை எடுத்துக்கொண்டார். "மீன் பழுதாப் போகும்," என்று உள்ளே போய்விட்டார்.

அந்த நாளின் நடுப்பகுதி எனக்கு இன்னும் திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்கிறார் டொக்டர். ஆனால் என் வலதுகைக்கு அது தெரியும். சில சமயம் பஸ்ஸில் இருக்கும்போது உள்ளங்கை தானாக வியர்த்து மூடிக்கொள்கிறது, இன்னொரு கை அதற்குள் இருப்பது போல. முன்பு உடம்பு என்பது தலையைத் தூக்கிச் செல்லும் வாகனம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது எனக்குத் தெரியாத பலர் குடியிருக்கும் வீடு. எல்லோரையும் பதிந்து முடிக்க என்னால் இயலாது. காரணம் கேட்பதையும் விட்டுவிட்டேன். நேரமும் அப்படித்தான். ஒன்றரை மணித்தியாலம் பத்து நிமிடமாகலாம், ஒரு பகல் இல்லாமலே போகலாம் என்று அறிந்தவன் மணிக்கூட்டை முன்போல நம்புவதில்லை.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சோதனைச் சாவடியைக் கண்டால் இன்றும் கழுத்து சூடாகிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன், வசந்தி கதைக்கிறாள். இரவில் நான் தூங்குவது அவளுக்கும் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறது.

ஒருநாள் காலை குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வசந்திக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவினேன். குழாயின் கீழ் சவர்க்காரம் பொங்கியது. 'நுரை' என்று சொன்னேன். சொல் தானாக வந்தது. உடனே எனக்கு அழுகை வந்தது. அந்தச் சோதனைக்குப் பிறகு முதல்முறை. கைகளை நுரைக்குள் வைத்தபடி, வெட்கமில்லாமல், நெடுநேரம் அழுதேன். இது ஒரு பெரிய தருணம், வசந்தி தோளில் கைவைப்பாள், டொக்டரிடம் சொல்லலாம், இதைப் பற்றி எழுதலாம் என்றெல்லாம் இடையில் நினைத்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் திரும்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பதினொண்டே கால்," என்றாள். "காரணம் என்ன, வெங்காயம் எண்டு போடுவமா?"